சாப்பிடவும் இல்லை, உட்காரவும் இல்லை: பட்டினி எலி ஏன் ஓடுகிறது?

கேள்விக்குறி:
கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தங்கைக்கு அனோரெக்சியா நெர்வோசா (சாப்பாட்டை மறுத்து உடல் மெலிந்துபோகும் உண்ணல் கோளாறு) இருந்தது, இப்போது தேறி வருகிறாள். நோய் முற்றியிருந்த மாதங்களில் எங்களுக்குக் கடைசிவரை விளங்காமல் போனது அவள் சாப்பிடாதது கூட இல்லை, உட்காராததுதான். உடம்பில் தெம்பே இல்லாத நிலையிலும் அறைக்குள் நடந்துகொண்டே இருப்பாள், நின்றுகொண்டே படிப்பாள், படுத்தாலும் கால் ஆடிக்கொண்டிருக்கும். எடையைக் குறைக்க வேண்டுமென்றே செய்கிறாள் என்று நாங்களும் நினைத்தோம். முதலில் பார்த்த மருத்துவர் "பிடிவாதம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவளைக் கேட்டால் "நிறுத்த முடியலக்கா" என்பாள், அவ்வளவுதான்.

போன வாரம் எலிகளை வைத்துச் செய்த ஒரு பரிசோதனையைப் பற்றிப் படித்தேன். உணவு நேரத்தைக் குறைத்துவிட்டு, கூண்டில் ஓடுவதற்கு ஒரு சக்கரத்தையும் வைத்தால் எலி ஓடி ஓடியே செத்துப்போகுமாம். எலிக்குக் கண்ணாடி பார்க்கும் பழக்கம் கிடையாது, ஒல்லியாக வேண்டும் என்ற ஆசையும் கிடையாது. அப்படியென்றால் அதை ஓட வைப்பது எது? மூளையின் வேதியியல் தெரிந்தவர்கள் யாராவது விளக்க முடியுமா?

நரம்பணு:
நான் முனைவர் பட்டத்துக்காக எலிகளோடு சில வருடங்கள் இருந்தவன், இந்தப் பரிசோதனை முறையில் நானே வேலை செய்திருக்கிறேன். அதனால் முதலில் பரிசோதனையைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

எலிக்கு நாளுக்கு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் மட்டும் உணவு வைப்பார்கள். அந்த நேரத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம், அளவுக் கட்டுப்பாடு இல்லை. சக்கரம் இல்லாத எலி இந்த அட்டவணைக்கு ஓரிரு வாரத்தில் பழகிவிடும், கிடைக்கிற நேரத்தில் வேகமாகத் தின்று எடையை நிலைநிறுத்திக்கொள்ளும். சக்கரம் இருந்து உணவும் எந்நேரமும் கிடைத்தால் அதுவும் பிழைத்துக்கொள்ளும், கூடுதலாக ஓடும், கூடுதலாகத் தின்னும். இரண்டும் சேர்ந்தால்தான் விபரீதம். ஓட்டம் நாளுக்கு நாள் ஏறும், உணவு நேரத்தில் தின்பதோ சக்கரம் இல்லாத எலி தின்பதைவிடக் குறையும். 1954இல் ஹால், ஹான்ஃபோர்ட் இருவரும் பட்டினி அட்டவணை ஓட்டத்தைக் கூட்டுவதைக் காட்டினார்கள். 1967இல் ரௌட்டன்பெர்க், குஸ்னெசாஃப் இருவரும் அது எலியின் உயிரையே எடுக்கும் என்று காட்டினார்கள். பிறகு எப்லிங், பியர்ஸ் இருவரும் 80களில் இதற்கு 'செயல்பாடு சார்ந்த அனோரெக்சியா' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு யாரும் சாகும்வரை விடுவதில்லை. எடை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் எலியை உடனே வெளியே எடுத்து உணவு கொடுத்துவிட வேண்டும், அது கட்டாய விதி.

இதில் கவனிக்க வேண்டியது ஓட்டம் எந்த நேரத்தில் ஏறுகிறது என்பது. உணவு வரும் நேரத்துக்குச் சில மணி நேரம் முன்பு ஓட்டம் உச்சத்துக்குப் போகும். உணவை எதிர்பார்த்து ஓடுவது. பட்டினியால் சோர்ந்து விழ வேண்டிய உயிர், உணவு வரப்போகிறது என்று தெரிந்த வேளையில் இருக்கிற தெம்பையெல்லாம் செலவழிக்கிறது. அந்த இரவுகளில் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து சக்கரங்களின் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், இன்னும் மறக்கவில்லை.

மறுபக்கம்:
எலிக்கு நாம்தான் சாப்பாட்டை மறைக்கிறோம். மனிதருக்கு எதிரில் தட்டு இருக்கிறது, அவர்தான் மறுக்கிறார். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த எலி உணவு தேடி ஓடுகிறது, அவ்வளவுதானே? காட்டில் இருந்தால் ஓடி வேறு இடம் போய்ச் சேர்ந்திருக்கும், சக்கரம் என்பதால் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

நரம்பணு:
பாதி ஒத்துக்கொள்கிறேன். பஞ்சத்திலிருந்து தப்பி ஓடும் பழைய உந்துதல்தான் இது என்று ஒரு கருதுகோளே இருக்கிறது. சக்கரம் கூண்டு வாழ்க்கையின் கோளாறு என்றும் சொல்லிவிட முடியாது. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில் திறந்த வெளியில் சக்கரத்தை வைத்துவிட்டுப் படம் பிடித்தார்கள், காட்டு எலிகள் தாமாக வந்து ஏறி ஓடின. ஓடுவது அவற்றுக்கு இன்பம்.

ஆனால் "உணவு தேடித்தான்" என்ற விளக்கம் ஓரிடத்தில் முட்டிக்கொள்கிறது. அந்த எலிக்கு முன் உணவை வைத்த பிறகும் அது போதுமான அளவு தின்பதில்லை. தேடியது கிடைத்துவிட்டதே, ஏன் தின்னவில்லை? அக்கா கேட்ட கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

கேள்விக்குறி:
ஆமாம், அதைத்தான் கேட்கிறேன். ஓட்டத்துக்கு ஒரு காரணம், சாப்பிடாததற்கு வேறொரு காரணமா? இல்லை, இரண்டுக்கும் ஒரே விசையா?

நரம்பணு:
இதற்கு நேராகப் பதில் தேடிய ஓர் ஆய்வு உண்டு. பிரான்சில் வலேரி கொம்பான் என்பவரின் குழு 2012இல் வெளியிட்டது. அவர்கள் சக்கரம் வைத்துச் செய்யவில்லை, மரபணு மாற்றிய சுண்டெலிகளை எடுத்தார்கள்.

மூளையில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்று ஒரு பகுதி. இன்பம், ஊக்கம், 'இது வேண்டும்' என்ற உந்துதல் எல்லாம் கூடும் இடம். அங்கே செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் வந்து ஒட்டும் ஏற்பிகள் பல வகை இருக்கின்றன, அதில் ஒன்று 5-எச்டி4. இந்த ஏற்பியைத் தூண்டினால் அந்த இடத்தில் கார்ட் என்ற ஒரு பெப்டைடு (சிறு புரதத் துண்டு) அதிகமாக உருவாகிறது. கார்ட்டுக்கு அந்தப் பெயரே கொக்கெய்ன், ஆம்ஃபெட்டமின் கொடுத்தபோது கூடியது என்பதால் வந்தது. பசியை அடக்கும் பெப்டைடு அது. அதே குழு 2007இலேயே, இந்த ஏற்பியைத் தூண்டினால் விலங்கு சாப்பிடுவதைக் குறைக்கிறது, அது கார்ட் வழியாக நடக்கிறது என்று காட்டியிருந்தது.

2012இல் கேட்டது அடுத்த கேள்வி. அதே பாதை ஓட்டத்தையும் கிளப்புகிறதா? அக்கம்பென்ஸில் மட்டும் 5-எச்டி4 ஏற்பிகளைக் கூட்டினார்கள். கார்ட் ஏறியது, சாப்பாடு குறைந்தது, அசைவு கூடியது. பிறகு அங்கே கார்ட் உருவாவதைக் குறைத்துவிட்டு அதே ஏற்பியைத் தூண்டிப் பார்த்தார்கள், அந்த மிகை இயக்கம் அடங்கிவிட்டது. ஒரே கம்பியின் இரண்டு முனைகள் மாதிரி.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இன்னொரு சுண்டெலி. 5-எச்டி1பி என்ற வேறொரு ஏற்பி இல்லாமல் பிறந்தது அது. சாதாரணச் சுண்டெலியைப் பட்டினி போட்டுவிட்டு உணவு வைத்தால் விழுந்து விழுந்து தின்னும். இது தின்னவில்லை, உணவு எதிரில் இருந்தும் தானாக அளவைக் குறைத்துக்கொண்டது. பார்த்தால் அதன் அக்கம்பென்ஸில் 5-எச்டி4 மிகையாக வேலை செய்துகொண்டிருந்தது, கார்ட்டும் கூடுதல். மறுபக்கம் கேட்ட "யார் மறுக்கிறார்" என்ற கேள்விக்கு ஓரளவாவது பதில் சொல்லும் விலங்கு இதுதான். இங்கே யாரும் சாப்பாட்டை மறைக்கவில்லை.

மறுபக்கம்:
சரி, இது நல்ல பதில். ஆனால் செரோட்டோனின்தான் காரணம் என்றால் செரோட்டோனின் மாத்திரைகள் வேலை செய்திருக்க வேண்டுமே?

அகல்விளக்கு:
நான் மனநல மருத்துவர், உண்ணல் கோளாறு உள்ளவர்களைப் பார்க்கிறேன். இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

வேலை செய்யவில்லை. எடை மிகக் குறைந்திருக்கும்போது ஃப்ளுஆக்ஸெட்டின் போன்ற மருந்துகள் பெரிதாக உதவுவதில்லை. எடை திரும்பிய பிறகாவது நோய் மறுபடி வராமல் தடுக்குமா என்று 93 பேரிடம் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள், வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதை வைத்து செரோட்டோனினுக்குப் பங்கே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. செரோட்டோனின் உடம்பில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருகிறது, டிரிப்டோபான் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். சாப்பிடாத உடம்பில் சரக்கே குறைவு. நோயில் இருப்பவர்களின் தண்டுவட நீரில் செரோட்டோனின் சிதைந்து வரும் பொருள் குறைவாக இருக்கிறது, தேறியவர்களிடம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கிறது, இதைப் பல வருடங்களுக்கு முன்பே கண்டிருக்கிறார்கள். அதோடு, மாத்திரை மூளை முழுக்கச் செரோட்டோனினைக் கூட்டும். நரம்பணு சொல்வது ஒரே ஒரு பகுதியில் இருக்கும் ஒரே ஒரு வகை ஏற்பி. ஊருக்கே மழை பெய்வதும் ஒரு வயலுக்கு மடை திறப்பதும் ஒன்றில்லையே.

அப்புறம் இன்னொன்று. நோயாளிகளில் மிகை இயக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்றால், ஆய்வைப் பொறுத்து 31 முதல் 80 சதவீதம் வரை சொல்கிறார்கள். எப்படி அளக்கிறோம் என்பதே ஒன்றுபோல இல்லை என்பதால் இவ்வளவு இடைவெளி. எல்லோருக்கும் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

தேன்சிட்டு:
நான் அந்த நோயில் இருந்து வெளியே வந்தவள். இந்த இழையில் யாரும் எடை, உணவு அளவு என்று மனிதர்களைப் பற்றிய எண்களைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், என்னைப் போன்றவர்களும் இங்கே படிக்கிறார்கள்.

கேள்விக்குறி, உங்கள் தங்கை சொன்னது உண்மை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆரம்பத்தில் வேண்டுமென்றுதான் நடந்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு வேண்டும் வேண்டாம் என்பதெல்லாம் போய்விட்டது. உட்கார்ந்தால் உள்ளே யாரோ மணி அடிப்பது போல இருக்கும். எடை ஏற ஏற அது தானாகத் தணிந்தது, நான் ஒரு முயற்சியும் எடுக்கவில்லை. அதுதான் எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

அகல்விளக்கு:
தேன்சிட்டு சொன்ன கடைசி வரி முக்கியம். எடை ஏறினால் தணிகிறது என்றால் உடம்பின் கொழுப்பு இருப்பை மூளைக்குச் சொல்லும் ஏதோ ஒரு தூதுவர் நடுவில் இருக்க வேண்டும். நரம்பணு, லெப்டினைப் பற்றிச் சொல்லுங்கள்.

நரம்பணு:
சொல்லத்தான் வந்தேன். லெப்டின் கொழுப்புச் செல்களில் சுரக்கும் ஹார்மோன். கொழுப்பு குறைந்தால் இரத்தத்தில் லெப்டின் சரிந்துவிடும். "இருப்பு தீர்ந்துவிட்டது" என்ற செய்தி அது. 2000இல் ஜெர்மன் குழு ஒன்று பட்டினி எலிகளுக்கு லெப்டினை வெளியிலிருந்து செலுத்திப் பார்த்தது, ஓட்டம் அடங்கியது. இத்தனைக்கும் எலி இன்னும் பட்டினியில்தான் இருக்கிறது, செய்தி மட்டும்தான் மாறியது.

அந்தச் செய்தி எங்கே போய்ச் சேருகிறது? பசியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைபோதலாமஸுக்குப் போகிறது, அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் நடுமூளையில் டோபமைன் என்ற ஊக்க வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் இருக்கும் பகுதியிலும் லெப்டின் ஏற்பிகள் இருக்கின்றன, அந்தச் செல்களின் நார்கள்தான் அக்கம்பென்ஸுக்குப் போகின்றன. 2015இல் மான்ட்ரியல் குழு ஒன்று சுண்டெலிகளில் அந்த டோபமைன் செல்களுக்குள் லெப்டினின் செய்தியைக் கடத்தும் ஸ்டேட்3 என்ற புரதத்தை மட்டும் நீக்கியது. அந்தச் சுண்டெலிகள் வெகுதூரம் ஓடின, ஓட்டம் அவற்றுக்கு இன்னும் இனித்தது. அதாவது லெப்டின் வழக்கமாக ஓட்டத்தின் இனிமையைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது, அது சரியும்போது மூடி திறந்துகொள்கிறது.

கிரெலின் இதற்கு எதிர்த்திசை. வயிற்றில் சுரக்கும் பசி ஹார்மோன், பட்டினியில் ஏறும். அதன் ஏற்பியை மருந்தால் தடுத்தால் உணவுக்கு முந்தைய அந்த ஓட்டம் குறைகிறது.

கேள்விக்குறி:
அப்படியென்றால் லெப்டினை மருந்தாகவே கொடுத்துவிடலாமே?

அகல்விளக்கு:
இங்கேதான் நிதானம் வேண்டும். லெப்டின் பசியையும் அடக்கும். இந்த எலிகளிலேயே லெப்டின் கொடுத்தபோது ஓட்டம் குறைந்ததோடு சாப்பாடும் குறைந்திருக்கிறது, உடம்பின் வெப்பச் செலவும் கூடியிருக்கிறது. மனிதர்களில் 2020இல் 3 நோயாளிகளுக்கு மெட்ரெலெப்டின் என்ற செயற்கை லெப்டினைச் சில நாட்கள் கொடுத்த விவரம் வந்தது, மனநிலை தெளிந்தது, அசைய வேண்டும் என்ற உந்துதல் குறைந்தது என்று எழுதியிருந்தார்கள். நம்பிக்கை தருகிறது. ஆனால் 3 பேர், ஒப்பிட வேறு குழு இல்லை. யாரும் இதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் போய் அந்த ஊசிதான் வேண்டும் என்று நிற்க வேண்டாம். இன்றைக்கும் முதல் மருந்து சாப்பாடுதான், கூடவே சிகிச்சை.

மறுபக்கம்:
ஒரு நிமிடம். செரோட்டோனின், கார்ட், லெப்டின், கிரெலின், டோபமைன் என்று ஐந்து பெயர்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு குழுவும் தான் பிடித்ததைத்தான் விசை என்கிறது. டோபமைன் விஷயத்திலாவது ஒரு தெளிவு உண்டா? கூடினால் ஓட்டமா, குறைந்தால் ஓட்டமா?

நரம்பணு:
நேர்மையாகச் சொன்னால் இந்தத் துறையில் எனக்குத் தூக்கம் கெட்ட இடமே அதுதான். 2015இல் சுண்டெலிகளில் டோபமைனின் டி2, டி3 ஏற்பிகளை மருந்தால் அடைத்தார்கள், சக்கரத்தில் சாகாமல் பிழைத்தவை அதிகம். டோபமைன் ஏற்பிகளை அடைக்கும் ஓலன்சாபின் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்த சுண்டெலிகளும் கூடுதலாகப் பிழைத்தன, ஃப்ளுஆக்ஸெட்டின் அப்படி உதவவில்லை. அடைத்தால் நல்லது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், 2017இல் மெல்பர்ன் குழு பெண் எலிகளில் நடுமூளையிலிருந்து அக்கம்பென்ஸுக்குப் போகும் பாதையைத் தூண்டிவிட்டது. அவை கூடுதலாகத் தின்றன, பிழைத்தன!

தூண்டினாலும் பிழைக்கிறது, அடைத்தாலும் பிழைக்கிறது. முரண்பாடு போலத் தெரியும். என் கருத்து, இது அளவின் கேள்வி கிடையாது, அந்த உந்துதல் எதன்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் கேள்வி. உணவின்மேல் ஒட்ட வேண்டியது சக்கரத்தின்மேல் ஒட்டிக்கொண்டது. பாதையைத் தூண்டும்போது உணவும் மறுபடி இழுக்க ஆரம்பிக்கிறது, ஏற்பியை அடைக்கும்போது சக்கரத்தின் இழுப்பு தளர்கிறது. இரண்டு வழியிலும் தராசு உணவுப் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. இது என் வாசிப்பு, நிரூபிக்கப்பட்ட ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அகல்விளக்கு:
ஓலன்சாபின் மனிதர்களிலும் சோதிக்கப்பட்டது, 2019இல் 152 வெளிநோயாளிகளிடம். எடை மிதமாக ஏறியது, ஆனால் மனத்தில் இருக்கும் பயமும் அந்த எண்ணங்களும் பெரிதாக மாறவில்லை. எலி எவ்வளவு சொல்லும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

மறுபக்கம்:
நான் எதிர்த்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில், 1944-45இல், ஆன்செல் கீஸ் 36 ஆண்களை வைத்து மினசோட்டாவில் பட்டினி ஆய்வு செய்தார். அவர்கள் ஓடவில்லை. சோர்ந்து, மெதுவாகி, சாப்பாட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டு கிடந்தார்கள். பட்டினி எல்லாரையும் ஓட வைக்கும் என்றால் அவர்கள் ஏன் ஓடவில்லை?

நரம்பணு:
மிக நல்ல கேள்வி. பட்டினி எல்லாரையும் ஓட வைக்காது, எலிகளிலும் வைக்காது. ஒரே அட்டவணையில் ஒரே மாதிரிக் கூண்டில் வளர்ந்த எலிகளில் சில தாக்குப்பிடித்துவிடும், சில சரிந்துவிடும். வயது குறைந்தவை சீக்கிரம் சரியும். ஆக, முன்னமே ஏதோ ஒரு சாய்வு இருக்கிறது, பட்டினி அதைத் தட்டி எழுப்புகிறது. மனிதர்களில் 2019இல் 16,992 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்ததில் நோயோடு தொடர்புள்ள 8 இடங்கள் கிடைத்தன. அந்த மரபுச் சாய்வு மனநோய்களோடு மட்டுமில்லாமல், வளர்சிதை மாற்றத்தோடும் உடல் அசைவு அதிகமாக இருப்பதோடும் சேர்ந்து வந்தது. எனக்கு அந்தக் கட்டுரையைப் படித்த அன்று சக்கரத்தில் ஓடிய என் எலிகள்தான் நினைவுக்கு வந்தன.

பசிப் பக்கத்திலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹைபோதலாமஸில் ஏஜிஆர்பி என்ற பெப்டைடைச் சுரக்கும் செல்கள் பசியைக் கிளப்புபவை. 2020இல் யேல் பல்கலைக்கழகக் குழு அந்தச் செல்கள் இல்லாத சுண்டெலிகளை உணவைக் குறைத்துச் சக்கரத்தில் விட்டது, அத்தனையும் 72 மணி நேரத்துக்குள் செத்துப்போயின. செல்கள் இருந்து அவற்றைத் தினமும் தூண்டிவிட்டால் சுண்டெலிகள் இன்னும் அதிகமாக ஓடின, ஆனால் சாகவில்லை. பசிச் செல் வெறும் பசிக்காக மட்டும் இல்லை, ஓடும்போது கொழுப்பை எடுத்து எரிக்கும் ஏற்பாட்டையும் அதுதான் பார்த்துக்கொள்கிறது. அந்தச் செல் இல்லாத சுண்டெலிகளுக்குக் கொழுப்பு கூடுதலான உணவைக் கொடுத்தபோது ஒன்றுகூடச் சாகவில்லை.

தேன்சிட்டு:
எனக்கு எப்போதும் குளிரும். நடந்தால் கொஞ்சம் குறையும். இதற்கும் அந்த வேதியியலுக்கும் தொடர்பு உண்டா?

நரம்பணு:
உண்டு, அதை நானே முன்பே சொல்லியிருக்க வேண்டும். கூண்டை 32 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்கினால் எலிகளின் ஓட்டம் குறைகிறது, கூடுதலாகத் தின்கின்றன, எடை திரும்புகிறது. மருந்து இல்லை, மரபணு மாற்றம் இல்லை, வெறும் கதகதப்பு. கொழுப்பு போன உடம்பு சூட்டைத் தக்கவைக்க முடியாமல் அசைவை அடுப்பாகப் பயன்படுத்துகிறது என்று ஒரு தரப்பு சொல்கிறது. முழுக் காரணமும் அதுவே என்று நான் சொல்ல மாட்டேன், உணவுக்கு முன்னால் மட்டும் ஓட்டம் ஏன் உச்சத்துக்குப் போகிறது என்பதை வெப்பம் மட்டும் விளக்காது. ஆனால் ஒரு பங்கு கண்டிப்பாக இருக்கிறது.

அகல்விளக்கு:
மனிதர்களுக்குச் சூடு கொடுத்துப் பார்த்த சிறு முயற்சிகளில் எலிகளில் தெரிந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. போர்வை கொடுப்பதில் தவறில்லை, அதை மருந்தாக மட்டும் நினைக்க வேண்டாம்.

கேள்விக்குறி:
நேற்று இரவு இந்த இழை முழுவதையும் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். தேன்சிட்டு எழுதிய "உள்ளே மணி அடிப்பது" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, அதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அந்த மாதங்களில் அவளை நாங்கள் எத்தனை முறை "உட்காரேன்" என்று கத்தியிருப்போம். அதற்காக நேற்று மன்னிப்புக் கேட்டேன்.

அவள் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள், நரம்பணு. வெளியே எடுத்த எலிகள் என்ன ஆயின?

நரம்பணு:
சக்கரத்தை எடுத்துவிட்டு உணவை நாள் முழுக்க வைத்துவிடுவோம். முதலில் கொஞ்ச நேரம் கூண்டைச் சுற்றிச் சுற்றி வரும். அப்புறம் தின்னும், மூலையில் சுருண்டு தூங்கும். பெரும்பாலானவற்றுக்குச் சில நாட்களிலேயே எடை திரும்ப ஆரம்பித்துவிடும். உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள், நான் வெளியே எடுத்தவை எல்லாம் தின்றன.